வீட்டில் வாடகைக்குப் படம் பார்க்க எது மலிவு? ஆறு மாத நோட்டுக் கணக்கு

டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு கிடக்கிறது. மகளுடைய கணக்கு நோட்டு, பாதிக்கு மேல் காலியாக இருந்ததால் நான் எடுத்துக்கொண்டேன். ஆறு மாதம், வீட்டில் பார்த்த ஒவ்வொரு படத்தையும் அதில் எழுதி வைத்தேன்: தேதி, எந்தச் சேவை, முழுசாகப் பார்த்தோமா பாதியில் விட்டோமா. தொடங்கியதற்குக் காரணம் ஒரு சின்னச் சண்டை. மாதாமாதம் நாலு ஓடிடிக்குச் சந்தா போகிறதே, அப்படி என்னதான் பார்க்கிறோம் என்று மனைவி கேட்க, நிறையத்தானே பார்க்கிறோம் என்று நான் சொல்ல, சரி எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று முடிந்தது. எண்ணியதில் நான் தோற்றேன்.

ஆறு மாதத்தில் முழுசாகப் பார்த்து முடித்தது 19 படம். தொடங்கிவிட்டுப் பாதியில் தூங்கிப்போனது, பிடிக்காமல் விட்டது என்று இன்னொரு 14. நாலு சேவை, ஆறு மாதம் என்றால் 24 மாதச் சந்தா கட்டியிருக்கிறோம். அதில் ஒரு சேவையை நாலு மாதமாகத் திறக்கவேயில்லை, பணம் மட்டும் தேதி தவறாமல் போயிருக்கிறது. விலை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் காசில் பேசப்போவதில்லை, ஒரே ஓர் அளவு வைத்துக்கொள்கிறேன்: கொஞ்சம் பழைய படம் ஒன்றை ஒரு தடவை வாடகைக்கு எடுக்க ஆகும் தொகை ஒரு பங்கு. அந்தக் கணக்கில் எங்கள் சந்தா ஒவ்வொன்றும் சராசரியாக மாதம் மூன்று பங்கு வந்தது. ஆக 72 பங்கு கொடுத்து 19 படம். தனித்தனியாக வாடகைக்கு எடுத்திருந்தால் 19 பங்கோடு வேலை முடிந்திருக்கும்.

இதைக் கேட்டதும் எல்லாச் சந்தாவையும் வெட்டிவிடத்தான் தோன்றும், ஆனால் கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. 19 படத்தில் 5 படம் அந்தந்தச் சேவைக்காரர்களே தயாரித்தவை, வேறெங்கும் வாடகைக்குக் கிடைக்காது. தொடர்களும் அப்படித்தான், ஒரு சீசனை வாடகைக்கு எடுக்கும் வசதி பெரும்பாலும் இல்லை, விலைக்குத்தான் வாங்க வேண்டும். மனைவி தொடர் பார்ப்பவள், நான் படம் பார்ப்பவன், அப்பா எது ஓடினாலும் பார்ப்பவர். அதனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சந்தா, மற்றதெல்லாம் வாடகை என்று முடிவு செய்து அடுத்த ஆறு மாதமும் நோட்டை மூடாமல் வைத்திருந்தோம். கீழே இருப்பது அதில் தெரிந்துகொண்டது.

வாடகைக்கு எடுத்தது மூன்று இடத்தில்: ஆப்பிள் டிவி ஆப், யூடியூப், பிரைம் வீடியோ. (பிரைம் வீடியோவில் வாடகைக்கு எடுப்பது வேறு, சந்தாவில் பார்ப்பது வேறு. இதை அப்பாவுக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.) மூன்றிலும் விதி கிட்டத்தட்ட ஒன்றுதான். பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் படத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆப்பிள் 2008 ஜனவரியில் ஐடியூன்ஸ் என்ற தன் இணையக் கடையில் வாடகைப் படம் தொடங்கியபோது அமெரிக்காவில் 24 மணி நேரம்தான் கொடுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்குப் போட்டு பாதியில் தூங்கிவிட்டால், மறுநாள் இரவு ஒன்பதுக்குள் மீதியை முடித்தாக வேண்டும், வேலைக்குப் போய் வரும் ஆளுக்கு இது எப்படி ஒத்துவரும்? பிறகு 48 ஆக்கினார்கள். அந்த ஒரு மாற்றம்தான் வாடகையை எங்கள் மாதிரி வீட்டுக்கு ஏற்றதாக ஆக்கியது, ஏனென்றால் ஒரே மூச்சில் ஒரு படம் பார்த்து முடிப்பது எங்கள் வீட்டில் அபூர்வம்.

இந்த 48 மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாடகையில் காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டாவது வாரமே அடி வாங்கினேன். சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று புதன்கிழமையே ஒரு படத்தை எடுத்து வைத்திருந்தேன். அன்று ராத்திரி அப்பா, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க, பிளே பட்டனை அழுத்திவிட்டு ரெண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டார். நல்ல எண்ணம்தான். வியாழன் போய், வெள்ளி ராத்திரியோடு கெடு முடிந்துவிட்டது. சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்த பிறகு பார்த்தால் “மீண்டும் வாடகைக்கு எடுக்கவும்” என்று நிற்கிறது. “ரெண்டு நிமிஷம் பார்த்ததுக்கா முழுக் காசு?” என்று அப்பா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்தச் சேவை என்பது முக்கியமில்லை, எங்கே எடுத்திருந்தாலும் இதே கதிதான். டிரெய்லர் பார்த்தால் கடிகாரம் ஓடாது, படத்தின் முதல் நொடி ஓடினால் ஓடும், அவ்வளவுதான் விஷயம். சத்தத்தையும் சப்டைட்டிலையும் டிரெய்லரை வைத்தே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எந்த நேரத்தில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். வெள்ளி இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு இரவு பத்து வரை உங்களுடையது, அதாவது மூன்று இரவிலும் உட்காரலாம். அதே வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு இரவு கைவிட்டுப் போகிறது. அந்த நேரத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால், நாங்கள் இரவு பார்த்ததை அப்பா மறுநாள் மதியம் ஆற அமர இன்னொரு தடவை பார்ப்பார். ஒரு வாடகை, ரெண்டு காட்சி.

சரி, விலைக்கு வருகிறேன். மூன்று இடத்திலும் ஒரே படத்துக்கு வாடகை பெரும்பாலும் ஒன்றாகவோ, கிட்டத்தட்ட ஒன்றாகவோதான் இருந்தது. எங்கே எடுப்பது என்று அரை மணி நேரம் தேடி மிச்சம் பிடிப்பது சொற்பம். எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசம். தியேட்டரில் ஓடி முடிந்து (சில சமயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே) வீட்டுக்கு வரும் படத்துக்கு முதலில் சாதாரண வாடகையைப் போல மூன்று, நாலு மடங்கு கேட்பார்கள். 2020இல் கொரோனாவால் தியேட்டர்கள் மூடியபோது ஹாலிவுட் நிறுவனமான யுனிவர்சல் இந்த முறையைப் பெரிய அளவில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஏஎம்சி என்ற பெரிய அமெரிக்கத் தியேட்டர் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, வெளியான 17 நாளிலேயே படத்தை வீட்டு வாடகைக்கு விடலாம் என்று வாங்கிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அமெரிக்காவில் கிட்டத்தட்ட மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நமக்கு இது நல்ல செய்தி மாதிரி தெரியும், ஆனால் சீக்கிரம் வருகிறதே தவிர மலிவாக வருவதில்லை. சில வாரம் கழித்து அதே படம் சாதாரண வாடகைக்கு இறங்கும், இன்னும் சில மாதத்தில் ஏதாவது ஒரு சந்தாவுக்குள் போய் உட்காரும், அதற்கும் பிறகு விளம்பரத்தோடு சும்மாவே கிடைக்கலாம். எல்லாப் படமும் இப்படிப் படிப்படியாக இறங்கும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலானவை இறங்குகின்றன. ஆறு மாதத்தில் ஒரே ஒரு படத்தைத்தான் சுடச்சுட எடுத்தோம், மகளின் பிறந்தநாள் என்பதால். நாலு பங்கு போனது. படம் சுமார்.

காத்திருப்பதற்கு ஜஸ்ட்வாட்ச் என்ற தளம் நல்ல துணை. படத்தின் பெயரைப் போட்டால் உங்கள் நாட்டில் எந்தச் சந்தாவில் இருக்கிறது, எங்கே வாடகைக்கு, எங்கே விலைக்கு, என்ன விலை என்று வரிசையாகக் காட்டும். பார்க்க வேண்டிய படங்களைப் பட்டியலாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். காசு கேட்பதில்லை. நான் ஒவ்வொரு படத்தையும் வாடகைக்கு எடுக்கும் முன் அங்கே ஒரு தடவை தட்டிப் பார்ப்பேன், அப்படிப் பார்த்ததில் மூன்று தடவை, கையில் இருக்கும் சந்தாவிலேயே படம் இருந்தது தெரிந்தது. சேவைகளின் சொந்தத் தேடலை மட்டும் நம்பினால் இது கண்ணில் படாது.

அடுத்தது எஸ்டி, எச்டி, 4கே, அதாவது படம் எவ்வளவு தெளிவு என்பது: எஸ்டி குறைவு, எச்டி அதைவிட மேல், 4கே எல்லாவற்றுக்கும் மேல். பல கடைகளில் எஸ்டிக்கு ஒரு விலை, எச்டிக்குக் கொஞ்சம் கூட. ஆப்பிள் 2017இல் 4கே கொண்டுவந்தபோது எச்டி விலையிலேயே தருவதாக அறிவித்தார்கள், அதனால் பெரிய டிவி வைத்திருப்பவர்கள் அங்கே ஒரு தடவை பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போகலாம். ஆனால் விலையைவிட வேறு ரெண்டு விஷயம் இதில் இருக்கிறது.

முதலாவது டேட்டா. நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு எஸ்டி என்றால் சுமார் 1 ஜிபி வரை, எச்டி என்றால் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். மற்ற சேவைகளிலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் என்று வைத்துக்கொண்டால், ரெண்டரை மணி நேரப் படம் 4கேயில் பதினேழு, பதினெட்டு ஜிபி. அளவில்லாத இணைப்பு வீட்டில் இருந்தால் கவலையில்லை. மொபைல் டேட்டாவை டிவிக்குப் பகிர்ந்து பார்க்கிறவர்களுக்கு வாடகையைவிட டேட்டா அதிகமாகிவிடும், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். அந்த மாதிரி ஆட்கள் எஸ்டியில் எடுத்து, இலவச வைஃபை கிடைக்கும் இடத்தில் போனில் டவுன்லோட் செய்துகொள்வது உத்தமம்.

இரண்டாவது, காசு கொடுத்த தரம் நிஜமாகவே கிடைக்கிறதா என்பது. லேப்டாப்பில் பிரவுசரில் ஓட்டினால், எச்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு எஸ்டியில் காட்டும் சம்பவம் உண்டு. திருட்டுப் பிரதி எடுக்காமல் இருக்கப் படத்தைப் பூட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் வேலை கருவியின் சிப்புக்குள் பாதுகாப்பாக நடந்தால்தான் உயர்ந்த தரத்தைத் தருவார்கள், பிரவுசரில் வெறும் மென்பொருளாக நடந்தால் தரத்தைக் குறைத்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டு போன்களில் வைட்வைன் என்ற பூட்டு முறையை எல்1, எல்3 என்று இதற்குத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள், எல்3 என்றால் பெரும்பாலும் எஸ்டியோடு திருப்திப்பட வேண்டியதுதான். இது தெரியாமல் மூன்று படம் எச்டி விலைக்கு எடுத்து லேப்டாப்பில் பார்த்தேன். முகம் எல்லாம் மெழுகு மாதிரி தெரிகிறதே, கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்றுகூட நினைத்தேன்.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் பழைய டிவியோடு சேர்த்தபோது அதைவிட மோசம். லேப்டாப் திரையில் படம் ஓடுகிறது, டிவியில் கும்மிருட்டு. கேபிள் கெட்டுப்போனது என்று புதுக் கேபிள் வாங்கினேன். அதிலும் இருட்டு. அப்புறம்தான் எச்டிசிபி என்ற சமாச்சாரம் தெரிந்தது: கேபிளின் ரெண்டு முனையில் இருக்கும் கருவிகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும், ஒன்று ரொம்பப் பழசாக இருந்தால் படம் அந்தப் பக்கம் போகாது. கடைசியில் டிவியில் செருகும் ஒரு சாதாரண ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி, லேப்டாப்பை நடுவிலிருந்து எடுத்த பிறகுதான் எல்லாம் சரியானது. பழைய கேபிள், புதுக் கேபிள் ரெண்டும் இன்னும் டிராயரில் கிடக்கின்றன.

மூன்று கடைகளில் எது நல்லது என்று கேட்டால், எனக்கு ஆப்பிள். வாடகைக்கு எடுத்தது தனியாகத் தெரிகிறது, எத்தனை நாள் மிச்சம் என்று தெளிவாகச் சொல்கிறது, டவுன்லோட் செய்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. ஆனால் ஆப்பிள் கருவியோ, அந்த ஆப் உள்ள டிவியோ, ஸ்டிக்கோ வேண்டும். யூடியூப் எந்தக் கருவியிலும் ஓடும், இணைப்பு மந்தமாக இருக்கும் நாளிலும் திக்காமல் ஓடுகிறது. பிரைம் வீடியோவில் படங்கள் நிறைய, ஆனால் சந்தாவில் கிடைப்பதும் காசு கேட்பதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், பார்த்து அழுத்த வேண்டும். எந்தச் சேவையாக இருந்தாலும் முதல் நாளே பணம் கட்டுவதற்கு ஒரு பின் நம்பர் போட்டுவிடுங்கள். வீட்டில் ரிமோட் எத்தனை கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும், எங்கள் வீட்டில் ஒரு மதியத்தில் ஒரு பேய்ப்படம் தவறுதலாக எடுக்கப்பட்டது, யார் எடுத்தது என்பதை இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பார்க்கத் தொடங்காததால் கேட்டதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதையும் நினைவில் வையுங்கள், படம் ஓடவில்லை, திக்கித் திக்கி நின்றது என்றால் சும்மா விடாமல் உடனே கேளுங்கள். எனக்கு ரெண்டு தடவை கிடைத்தது.

குடும்பப் பகிர்வு பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிளில் ஆறு பேர் வரை ஒரே குடும்பமாகச் சேரலாம், விலைக்கு வாங்கிய படத்தை மற்றவர்களும் பார்க்கலாம், ஆனால் வாடகைப் படம் எடுத்தவருக்கு மட்டும்தான். தம்பி வேறு வீட்டில் இருந்துகொண்டு “அண்ணா, அந்தப் படத்தை எனக்கும் தள்ளிவிடு” என்று கேட்டபோது முயன்று பார்த்துத் தெரிந்துகொண்டது.

சந்தாவை எப்படிக் குறைத்தோம் என்பதற்கு வருகிறேன். சுழற்சி முறைதான். ஒரு மாதம் ஒரு சேவை, பார்க்க வேண்டியதைப் பட்டியல் போட்டு முடித்துவிட்டு அடுத்ததுக்கு நகர்வது. சேர்ந்த அன்றே ரத்து செய்துவிடுவேன். நெட்ஃப்ளிக்ஸ் மாதிரிச் சேவைகளில் ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, மறந்துபோய் அடுத்த மாதமும் பணம் போகும் அபாயம் மட்டும் இல்லாமல் போகிறது. ஒரு விதிவிலக்கு: ஆப்பிளின் சந்தாச் சேவையை இலவசச் சோதனைக் காலத்தில் ரத்து செய்தால் அந்த நிமிடமே பார்க்க முடியாமல் போய்விடும், அதைக் கடைசி நாளுக்கு முந்தின நாள் செய்ய வேண்டும், போனில் நினைவூட்டல் வைத்து. வருடச் சந்தா மலிவு என்று ஆசை காட்டுவார்கள். வருடம் முழுக்க ஒரே சேவையைத்தான் பார்ப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அது சரி, எங்களுக்கு அந்த உறுதி இல்லை என்பதைத்தான் நோட்டு காட்டிவிட்டதே.

விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டங்கள்: நெட்ஃப்ளிக்ஸ் 2022 நவம்பரில் சில நாடுகளில் இதைத் தொடங்கியபோது மணிக்கு நாலைந்து நிமிடம் விளம்பரம் என்று சொன்னது. ரெண்டரை மணி நேரப் படத்துக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம். தொடருக்கு இது பரவாயில்லை. படத்துக்கு, அதுவும் கதை இறுகி வரும் நேரத்தில் சோப்பு விளம்பரம் வந்தால், எனக்கு மனசு விட்டுப்போகிறது. மனைவிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அந்த இடைவெளியில் போனைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் தொடர் பார்க்கும் மாதங்களில் அந்தத் திட்டத்தையே எடுத்தோம். அடுத்த வீட்டுக்காரரின் பாஸ்வேர்டை வாங்கிப் பார்த்த காலம் 2023இல் நெட்ஃப்ளிக்ஸ் கெடுபிடி காட்டத் தொடங்கியதோடு முடிந்தது, அதை இனிமேல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காசே கொடுக்காத வழியும் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறோம்: நூலகம். டிவிடி, ப்ளூரே வட்டுகளை இரவல் தரும் நூலகங்கள் பல நாடுகளில் உண்டு. நூலக அட்டையை வைத்து வீட்டிலிருந்தே படம் பார்க்க கனோபி, ஹூப்லா என்று ரெண்டு சேவைகள் இருக்கின்றன, உங்கள் நூலகம் அவற்றோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஹூப்லாவில் ஒரு படத்துக்கு மூன்று நாள், அதாவது காசு கொடுத்து எடுக்கும் வாடகையைவிட ஒரு நாள் கூடுதல்! அந்தக் காலத்து உலக சினிமா, ஆவணப்படம் என்று தேடுகிறவர்களுக்கு கனோபி ஒரு புதையல், போன மாதம் வந்த படத்தை அங்கே தேடக்கூடாது. காப்புரிமை முடிந்த பழைய படங்கள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவசத் தளத்தில் கிடைக்கின்றன, தரம் முன்னே பின்னே இருக்கும்.

வட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச ஆசை. நெட்ஃப்ளிக்ஸ் தொடங்கியதே தபாலில் டிவிடி அனுப்பித்தான், 1998இல். 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி வட்டை அனுப்பிவிட்டுக் கடையை மூடினார்கள், அதுவரை அனுப்பியது 520 கோடிக்கும் மேல். அவர்களுடைய மாதச் சந்தா முறையில் தாமதக் கட்டணமே கிடையாது, பார்த்துத் திருப்பினால் அடுத்தது வரும், அவ்வளவுதான். வீடியோ கடையில் கேசட்டை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்து முணுமுணுப்போடு அபராதம் கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். வட்டின் இன்னொரு அருமை தரம். இரட்டை அடுக்கு ப்ளூரே வட்டில் 50 ஜிபி இடம் இருக்கிறது. இணையத்தில் வரும் எச்டி படத்தை அதோடு ஒப்பிட்டால் இருட்டுக் காட்சிகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், புகையும் நிழலும் கட்டம் கட்டமாக உடையாது. நூலகத்திலிருந்து ஆறு மாதத்தில் 5 வட்டு எடுத்தோம். பழைய வட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் மட்டும் ரீஜன் கோடை (வட்டு உலகின் எந்தப் பகுதிக்கானது என்ற குறியீடு) பார்த்து வாங்குங்கள், டிவிடிக்கு எண், ப்ளூரேக்கு ஏ, பி, சி. வேறு பகுதிக்கானதாக இருந்தால் உங்கள் பிளேயர் மதிக்காது.

வாங்குவது எப்போது லாபம்? எங்கள் வீட்டில் ஒரே ஒரு சந்தர்ப்பம். மகள் ஒரு கார்ட்டூன் படத்தை மூன்றாவது தடவை வாடகைக்குக் கேட்டபோது விலைக்கே வாங்கிவிட்டேன். நோட்டில் அதற்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டே வந்ததில், கடைசியாக எண்ணியபோது 14 கோடு. குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு நிச்சயம் கைகொடுக்கும். பெரியவர்களுக்கு எனக்குத் தெரிந்து இல்லை, மறுபடி பார்ப்போம் என்று வாங்கிய எதையும் நான் மறுபடி பார்த்ததில்லை. வாங்கியது என்றைக்கும் நம்முடையது என்றும் நினைக்க வேண்டாம், பார்க்கும் உரிமம்தான் கிடைக்கிறது. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷன் என்ற தன் விளையாட்டுக் கருவியில் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. வாங்கியவர்களுக்கு அந்தச் சில வாரம் எப்படி இருந்திருக்கும்?

சரி, இரண்டாவது ஆறு மாதத்தின் கணக்கு. சந்தா நாலு மாதம் மட்டும், 12 பங்கு. சாதாரண வாடகைக்கு 11 படம், 11 பங்கு. பிறந்தநாள் படம் 4 பங்கு. மகளுக்கு வாங்கிய கார்ட்டூன் படத்துக்கு ஏறக்குறைய 4 பங்கு. மொத்தம் 31. பார்த்து முடித்த படங்கள், மகளின் 14 கோட்டை ஒன்றாகவே எண்ணினாலும், வாடகை 12, சந்தாவில் 9, நூலக வட்டு 5, வாங்கியது 1, ஆக 27. முன்பைவிட எட்டுப் படம் கூடுதல், செலவு பாதிக்கும் கீழே. பாதியில் விட்டது நாலே நாலு. காசு கொடுத்து எடுத்தது என்பதால் யாரும் லேசில் எழுந்து போவதில்லை, சுமாரான படத்தைக்கூட முடித்துவிடுகிறோம். இது நல்லதா கெட்டதா என்று வீட்டில் ரெண்டு கருத்து இருக்கிறது.

நூலகமோ வட்டோ எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கு, மாதம் மூன்று படத்துக்கும் குறைவாகப் பார்ப்பவர் என்றால் வாடகை மட்டும் போதும், சந்தா வேண்டாம். நாலுக்கு மேல் போனாலோ, வீட்டில் தொடர் பார்ப்பவர் இருந்தாலோ ஒரு சந்தாவும் வாடகையும். ரெண்டு சந்தா ஒரே நேரத்தில் எதற்கு என்று எனக்கு இப்போது புரியவில்லை, ஆனால் போன வருடம் நானே நாலு வைத்திருந்தவன்தான்.

இப்போதைக்கு எடுத்து வைத்த படம் ஒன்று காத்திருக்கிறது, 30 நாளில் 19 போய்விட்டது. ரிமோட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், அப்பாவுக்குக் கை எட்டாத உயரத்தில். நேற்று மாலை “சவுண்டு ஒரு தடவை செக் பண்ணிடட்டுமா?” என்று கேட்டார்.